ஐந்தாம் கட்டையில் வெள்ளைக்கொடி

சிவப்புத் துணி ஸ்ரோரில் இல்லை என்று அந்த வருஷம் சிவபாக்கியத்திடம் மூன்று தடவை சொன்னேன். மூன்று தடவையும் சொன்னது பொய். என் கதிரைக்குப் பின்னால் இருந்த அலுமாரியின் மேல்தட்டில் புத்தம்புதிய சிவப்புத் துணி ஒரு கட்டு, சுற்றிய கடதாசிகூடப் பிரிக்காமல் கிடந்தது.

எழுபத்து நாலாம் ஆண்டு. பேக்கரி வாசலில் பாணுக்கு விடியற்காலையிலேயே வரிசை. சீனி கூப்பனுக்கு, துணி கூப்பனுக்கு. வீட்டுக்கு வீடு மரவள்ளிக்கிழங்கு அவிந்துகொண்டிருந்த காலம். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு கட்டுச் சிவப்புத் துணி எங்கள் றோட்டுக் கந்தோருக்கு வந்ததென்றால், அது நிலாவெளி றோட்டுத் திறப்பு விழாவுக்கு மேடை சோடிக்க என்று மேலிடம் அனுப்பியது. 'விழாவுக்கு மட்டும்' என்று கடதாசியின் மேல் நீலப் பென்சிலால் எழுதியிருந்தது. எழுதியவனும் நான்தான். ஸ்ரோர்கீப்பர் சோமசேகரம் என்றால் சாமான் வெளியே போகவிடாதவன் என்று ஒரு பெயர் எனக்கு இருந்தது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

நிலாவெளிக் கடற்கரையில் ஹோட்டல் கட்டிக்கொண்டிருந்தார்கள். கல்லும் சீமெந்தும் ஏற்றின லொறிகள் திருகோணமலையிலிருந்து நாள் முழுக்க ஓடின. பழைய றோட்டு அதைத் தாங்கவில்லை. உடைந்த மதகுகளைக் கிளறிப் புதிதாகக் கட்டி, சல்லி போட்டுத் தார் ஊற்ற, பதினொரு பேர் கொண்ட கூட்டம் ஒன்று சாம்பல்தீவுப் பக்கம் வேலை செய்தது. கங்காணி தவராசா. அந்தப் பதினொரு பேரில் கொடி பிடிப்பது சிவபாக்கியம். கொடி பிடிப்பதென்றால் சும்மா நிற்பது என்று நினைக்கவேண்டாம். விடிய வந்து எச்சரிக்கைப் பலகைகளைத் தூக்கி நட வேண்டும். இரும்புக்கால் போட்ட பலகை, ஒன்று தூக்க இரண்டு ஆம்பிளை வேண்டும். சிவபாக்கியம் தனியே இழுத்துக்கொண்டு போவாள். வாகனம் இல்லாத நேரத்தில் சல்லிக்கல் கடகம் சுமப்பாள். வாகனச் சத்தம் கேட்டதும் கடகத்தை இறக்கிவிட்டுக் கொடியோடு ஓடுவாள்.

பலகைக்கும் கொடிக்கும் ஒரு சுற்றுநிருபம் இருந்தது. வேலை நடக்கும் இடத்துக்கு முந்நூறு அடிக்கு முன்னால், இரு பக்கமும், 'கவனம், வீதி வேலை' என்ற பலகை. நூறு அடியில் 'மெதுவாகச் செல்க'. ஐம்பது அடியில் பதினெட்டு அங்குலச் சதுரத்தில் சிவப்புக்கொடி. குழி வெட்டினால் அந்தக் கிடங்கைச் சுற்றிவரப் பீப்பாவும் கயிறும். இதை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கியவனும் நான்தான். 'செல்க' என்ற சொல்லுக்காக எங்கள் மேலதிகாரி ஓவசியர் என்னை மெச்சினார். லொறிக்காரர் ஒருவரும் மெச்சவில்லை. அவர்கள் வாசித்தால்தானே.

சிவபாக்கியத்தின் புருஷன் சிவபாதமும் இதே கூட்டத்தில்தான் வேலை செய்தார். மூன்று வருஷத்துக்கு முன் கன்னியா றோட்டில் தார் ஊற்றிக்கொண்டு நின்றவரை லொறி ஒன்று அடித்துவிட்டது. விசாரணை நடந்தது. பலகை எத்தனை அடியில் நின்றது, கொடி எத்தனை அடியில் பறந்தது என்று நாடா பிடித்து அளந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. 'எச்சரிக்கை அடையாளங்கள் யாவும் விதிப்படி உரிய இடங்களில் இருந்தன' என்று அறிக்கையில் டைப் அடித்தவனும் நானே. அந்த வசனத்தில் ஒரு பிழையும் இல்லை. அடையாளமெல்லாம் சரியென்றால் பிழை செத்தவனில்தான் இருக்கவேண்டும் என்று முடிவாயிற்று.

அவருடைய இடத்தில் வேலை தரும் கடிதத்தில் கையெழுத்து வைக்க வந்த அன்று, அறிக்கையை ஒருக்கால் வாசிக்கத் தரச்சொல்லிக் கேட்டாள் சிவபாக்கியம். மெதுவாக, உதடு அசைய வாசித்தாள்.

"எல்லாம் சரியா இருந்ததெண்டா அவர் ஏன் ஐயா செத்தவர்?" என்றாள்.

நான் பேனாவைத் திறந்து அவள் கையில் கொடுத்தேன். வேறென்ன செய்ய?

ஆனி மாதம் கச்சான் காற்றுத் தொடங்கியது. வெயிலும் புழுதியும் உப்புக்காற்றும் சேர்ந்து இருந்த கொடிகளின் சாயத்தைத் தின்றுவிட்டன. சிவப்பு வெளிறி ரோசா நிறமாகி, பிறகு அதுவும் போய் வெள்ளையாகிவிட்டது. சிவபாக்கியம் ஸ்ரோருக்கு வந்து புதிய துணி கேட்டாள். இல்லை என்றேன். அடுத்த கிழமையும் வந்தாள். அதற்கடுத்த கிழமையும் வந்தாள். மூன்றாம் தரம் வெளிறின கொடியொன்றைக் கொண்டுவந்து என் மேசையில் விரித்துக் காட்டினாள்.

"இதைக் கொடியெண்டு ஆர் ஐயா சொல்லுவான்?"

"வந்தாத் தருவன்தானே பாக்கியமக்கா. கொழும்பிலயே இல்லையாம்."

அவள் அந்தக் கொடியை மடித்துக்கொண்டு போய்த் திரும்பவும் கம்பில் கட்டினாள். அன்றைக்கு மத்தியானம் ஒரு சங்கதி நடந்தது. முதல்நாள்தான் பலகையின் காலை முறித்துப்போட்டு நில்லாமல் ஓடின லொறி ஒன்று, அதே லொறி, தூரத்திலேயே வேகத்தைக் குறைத்தது. சாரதி தலைத்துண்டை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, வெளியே எட்டிப் பார்த்து, சாவீட்டில் துக்கம் கேட்பவனைப் போலத் தணிந்த குரலில் கேட்டான்.

"ஆர் அம்மா மோசம் போனது?"

"ஒருத்தரும் இல்லைத் தம்பி. றோட்டு வேலை."

அவன் வாய்க்குள் எதையோ ஏசிவிட்டு லொறியை முறுக்கிக்கொண்டு போனான். சிவபாக்கியம் அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டு நின்றாளாம். மறுநாள் விடிய வந்தபோது கையில் ஒரு பொட்டணி. தன்னுடைய பழைய வெள்ளைச் சேலையைக் கிழித்து எட்டுக் கொடி தைத்திருந்தாள். சாவீட்டுத் தெருவில் கட்டுவதைப் போல, கயிற்றில் தென்னோலையும் கோத்து இரண்டு பக்கமும் கட்டத் தொடங்கினாள்.

கங்காணிக்குக் கோபம் வந்துவிட்டது.

"என்ன பாக்கியம் இது? உயிரோட நிக்கிற பதினொரு பேருக்கும் சாக்கொடியோ?"

"சிவப்புக்கு ஆரண்ணை நிக்கிறான்? நீங்களே சொல்லுங்கோ."

"நிக்கிறானோ இல்லையோ, சட்டம் சிவப்பு."

"அவருக்கும் சட்டப்படிதானே நட்டிருந்தது."

தவராசா கயிற்றடியை விட்டு விலகினார். அன்றைக்குக் கன்னியா றோட்டிலும் அவர்தான் கங்காணி.

கிடங்குக்குள் நின்ற அபூதாஹிர் தலையை நீட்டினான். கிண்ணியாக்காரன். மதகுக் கிடங்கு வெட்டுவதென்றால் அவனையும் ஜமால்தீனையும்தான் இறக்குவார்கள்.

"கட்டட்டும் உடுங்க கங்காணியார். எங்கட ஊர்லயும் மையத்து வூட்டுக்கு வெள்ளதான். சிங்களாக்கள்ட ஊர்லயும் வெள்ளதான். மூணு பாஷையில பலகை வெச்சும் வாசிக்காதவன் இத வாசிப்பான்."

"நீ கிடங்குக்குள்ள நிண்டுகொண்டு கதைக்கிறாய்."

"கிடங்குக்குள்ள நிக்கிறவன்தானே கதைக்கணும்."

அவன் சொன்னது சரியாகவே வந்தது. அன்றிலிருந்து பஸ் கோன் அடித்துச் சனத்தை விலத்தாமல் மெல்லப் போனது. சைக்கிள்காரர் இறங்கி உருட்டினார்கள். ஹோட்டல் லொறிகள், ஒரு மைல் தூரத்துக்குப் புழுதி கிளப்பிக்கொண்டு வருகிறவை, வெள்ளையைக் கண்டதும் மாட்டுவண்டி வேகத்துக்கு இறங்கின. ஒருநாள் பஸ்ஸால் இறங்கின ஒரு பெரியவர், குடையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சாவீட்டைத் தேடி அரை மணித்தியாலம் அலைந்தார். சிவபாக்கியம் அவருக்குப் பால்விடாத பிளேன்ரீ கொடுத்துச் சமாதானப்படுத்தி அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

நான் சைக்கிளில் போகும்போதும் வரும்போதும் பார்த்தேன். சிவப்புத் துணி கேட்டு ஒருவரும் வரவில்லை. எனக்கு அது போதும்.

வேலை நாளுக்கு நாள் வடக்கே நகர்ந்தது. கொடியும் கூடவே நகர்ந்தது. திங்கட்கிழமை ஒரு வீட்டுக்கு முன்னால் பறக்கும், செவ்வாய்க்கிழமை அடுத்த வீட்டுக்கு முன்னால். சாம்பல்தீவுச் சனத்துக்கு விஷயம் தெரியும், அவர்கள் சிரித்துக்கொண்டார்கள். றோட்டால் போய்வருகிற வெளியூர்ச் சனம் என்ன நினைக்கும் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

சிவபாக்கியத்தின் வீடு ஐந்தாம் மைல் கட்டையில், றோட்டோரத்திலேயே. தென்னோலைக் கிடுகு வேய்ந்த இரண்டு அறை, முன்னால் வேலிவாசலில் படலை, பின்னால் கிணறும் மிளகாய்த் தோட்டமும். ஒரே மகள் தங்கரத்தினம், இருபத்திரண்டு வயது. துலா மிதிக்க ஆள் இல்லாததால் அந்தப் பிள்ளை கையாலேயே தண்ணீர் அள்ளித் தோட்டம் முழுவதும் இறைக்கும். இரண்டு சம்பந்தம் வந்து தவறிப்போயிற்று. 'தாய்க்காரி றோட்டில கல்லுச் சுமக்கிறவள்' என்று ஒரு மாப்பிள்ளைப் பகுதி நேரேயே சொல்லிவிட்டது. மூன்றாவதாக நிலாவெளியிலிருந்து வந்தது. பையன் பாலசிங்கம், கரைவலைக்காரன். தாய் கோணேஸ்வரி தரகரிடம் சொல்லி அனுப்பியது ஒன்றே ஒன்றுதான்: பிள்ளை வேலை செய்யிற பிள்ளையோ? சிவபாக்கியத்துக்கு அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. இதுவும் போனால் இனி ஒன்று வராது என்று கூட்டத்திலுள்ள எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

புதன்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. சிவபாக்கியம் லீவு எடுத்தாள். எடுக்கும்போது ஜமால்தீனிடம் ஒன்றுக்கு இரண்டு தரம் சொன்னாளாம்.

"நான் இல்லையெண்டு கொடி கட்டாமல் ஒருத்தரும் கிடங்குக்குள்ள இறங்கக்கூடாது, விளங்குதோ? ஓலையும் கட்டவேணும்."

அன்றைக்குத் தோண்டவேண்டியது அவள் வீட்டுக்குக் கொஞ்சம் தெற்கே இருந்த மதகு. வடக்குப் பக்கத்துக் கொடிக்கு ஐம்பது அடி அளந்தால், அது சரியாக அவளுடைய படலையில் வந்து விழுந்தது. கூட்டத்தார் ஒன்றையும் யோசிக்காமல் கட்டினார்கள். பாக்கியத்தின் வீட்டடி என்பதால் ஓலை கொஞ்சம் கூடவே கட்டினார்களாம். குசினிக்குள் பயற்றம் உருண்டை பிடித்துக்கொண்டிருந்தவள் றோட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

கிடங்கு வெட்டுகிற பிக்கானுக்கு மரப்பிடி நாலைந்து கொடுக்க நான் சைக்கிளில் போய்ச் சேரப் பதினொரு மணி. சிவபாக்கியம் முகம் கழுவித் திருநீறு பூசிப் படலைக்குள் நின்றாள்.

"ஐயா, வழியில கார் ஏதும் கண்டனீங்களோ? ஒன்பதரைக்கு வாறமெண்டவை."

"நான் திருகோணமலை ரவுண் பக்கமிருந்தெல்லோ வாறன்."

தவராசா மதகடியிலிருந்து நடந்து வந்தார். "ஒரு கறுப்புக் கார் வந்தது பாக்கியம். நாலைஞ்சு பொம்பிளையள் இருந்தவை. இதடியில நிண்டு பாத்திட்டு, அந்தா அந்த ஒழுங்கைக்குள்ள விட்டுத் திருப்பிக்கொண்டு போட்டுது. றோட்டுச் சரியில்லையெண்டு திரும்புகினமாக்கும் எண்டு நினைச்சன்."

சொல்லி முடிக்கும்போதே அவருடைய கண் மேலே போனது. என்னுடைய கண்ணும் போனது. கடைசியாகச் சிவபாக்கியம் படலைக்கு வெளியே வந்து, திரும்பி அண்ணாந்து பார்த்தாள். அவளுடைய வெள்ளைச் சேலைத் துண்டு அவளுடைய படலையில் பறந்துகொண்டிருந்தது.

அவள் கத்துவாள், தலையில் அடிப்பாள் என்று பயந்தேன். அவள் கிடங்குப் பக்கம் திரும்பினாள். அந்த முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் போதவில்லை. சைக்கிள் மணியைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கழட்டிவிடட்டோ?" என்று தவராசா மெதுவாகக் கேட்டார்.

"அபூதாஹிர் கிடங்குக்குள்ளயோ?"

"ஓம்."

"அப்ப கிடக்கட்டும்."

உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தால் தங்கரத்தினம் ஒரு தட்டு நிறையப் பயற்றம் உருண்டை கொண்டுவந்து கூட்டத்தாருக்குக் கொடுத்தது. புதுச் சேலையை மாற்றிப் பழைய சட்டையோடு வந்திருந்தது. எல்லோரும் ஆளுக்கொன்றை எடுத்துக் கையிலேயே வைத்துக்கொண்டார்கள்.

அன்று பின்னேரம் சிவபாக்கியம் கந்தோருக்கு வந்தாள்.

"நாளைக்கு நிலாவெளிக்கு ஒருக்கால் வாறீங்களோ ஐயா? நான் சொன்னா நம்பமாட்டினம். கந்தோர் ஆள் சொன்னா நம்புவினம்."

சரி என்றேன். சுற்றுநிருபத்தின் பிரதியொன்றையும் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் போனோம். கோணேஸ்வரி வளவுக்குள் பாய் விரித்து நெத்தலி காயப்போட்டுக்கொண்டிருந்தா. நல்ல உயரமான மனுசி. எங்களைக் கண்டதும் எழும்பி, விறாந்தையில் கிடந்த வாங்கில் இருக்கச் சொன்னா. தண்ணீர் தந்தா. சிரிக்கவில்லை.

"நான் கண்ணால கண்டனான் தங்கச்சி," என்றா. "ஓலை தொங்குது, கொடி பறக்குது. உங்கட படலையில."

"அது றோட்டு வேலைக்குக் கட்டினது அக்கா. ஆணையா."

"றோட்டுக்கு ஆர் வெள்ளை கட்டுறது? என்ர பிள்ளை கடலுக்குப் போற பிள்ளை. ஒரு நல்ல காரியத்துக்கு வெளிக்கிட்டுப் போகேக்க வெள்ளையைக் கண்டிட்டு அங்கால போவனோ? நீங்களெண்டாப் போவீங்களோ?"

"போகமாட்டன்தான்."

"அதோட இன்னொண்டும் கிடக்கு. எங்கட ஆக்கள் ரவுணுக்கு மீன் கொண்டு போறவை. மூண்டு கிழமையாக் கண்டுகொண்டுதான் வருகினம். திங்கள் ஒரு வீடு, செவ்வாய் ஒரு வீடு. சாம்பல்தீவில ஏதோ வருத்தம் பரவுதெண்டு இஞ்ச ஊரெல்லாம் கதை. வாந்திபேதி எண்டுகூடச் சொல்லினம். நான் அதையும் ஒரு பக்கத்தில வைச்சிட்டுத்தானே வந்தனான். வந்தா, உங்கட வாசல்லயே கொடி."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இருமி மறைத்தேன். கோணேஸ்வரி என்னைப் பார்த்த பார்வையில் அந்த இருமலும் நின்றது.

"அம்மா, ஒருத்தருக்கும் ஒரு வருத்தமும் இல்லை," என்று சுற்றுநிருபத்தை எடுத்து விரித்தேன். "றோட்டு வேலை நடக்கிற இடத்தில கொடி கட்டவேணும் எண்டு சட்டம். வேலை நகர நகரக் கொடியும் நகரும். அதுதான் நாளுக்கொரு வீடு."

"எனக்கு வாசிக்கத் தெரியாது தம்பி. வாசியுங்கோ."

வாசித்தேன். முந்நூறு அடி, நூறு அடி, ஐம்பது அடி. அவ கவனமாகக் கேட்டா.

"இதில வெள்ளை எண்டு எங்க கிடக்கு?"

"வெள்ளை எண்டு இல்லை. சிவப்பெண்டுதான்."

"அப்ப ஏன் வெள்ளை?"

சிவபாக்கியம் எனக்காகப் பதில் சொன்னாள். "சிவப்புத் துணி வரேல்ல அக்கா. ஐயா என்ன செய்வார்? கொழும்பிலயே இல்லையாம்."

எத்தனையோ பேரிடம் எத்தனையோ தரம் 'இல்லை' என்று சொன்ன வாய்தான் என்னுடையது. அந்த விறாந்தையில் அது வரமாட்டேன் என்றது.

"கிடந்தது," என்றேன். "விழாவுக்கெண்டு ஒரு கட்டுக் கிடந்தது. நான் குடுக்கேல்ல."

சிவபாக்கியம் மெதுவாக என் பக்கம் திரும்பினாள்.

"கிடந்ததோ ஐயா?"

"ஓம்."

அவள் ஏசியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். கோணேஸ்வரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தா. பிறகு பெருமூச்சு விட்டுக்கொண்டு, பாயில் இறங்கின காகத்தைக் கலைத்துவிட்டு வந்து சொன்னா.

"சரி. உங்கட பிள்ளையைப் பற்றி நல்லாத்தான் கேள்விப்பட்டனான். விடவும் மனமில்லை. நாளைக்கு வெள்ளி. பத்தரைக்கு ராகுகாலம், அதுக்கு முதல் வாறம். ஆனா நாளைக்கு அந்தப் படலையில நான் வெள்ளையைக் காணக்கூடாது. ரெண்டாந்தரமும் கண்டனெண்டா இனித் திரும்பியும் பாக்கமாட்டன், ஓம்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் சிவபாக்கியம் யன்னலோரம் இருந்தாள். இறங்கி நடந்து கந்தோர் வாசலுக்கு வந்த பிறகுதான் கேட்டாள்.

"சிவப்பைத் தாங்கோ ஐயா. ஒரு நாளைக்குத்தானே."

கட்டைப் பிரித்தேன். பதினெட்டு அங்குலம், பதினெட்டு அங்குலம் என்று அளந்து எட்டுக் கொடி வெட்டினேன். வெள்ளி காலை நானே நாடாவும் கொண்டுபோனேன். முந்நூறில் பலகை, நூறில் பலகை, ஐம்பதில் கொடி. தவராசா வெள்ளைக்கொடிகளையும் ஓலைகளையும் கழற்ற, சிவபாக்கியம் வாங்கி மடித்து வேலியில் செருகி வைத்தாள். எல்லாம் முடிந்தபின் தள்ளி நின்று பார்த்தேன். வெயிலுக்குச் சிவப்பு எரிந்தது. நான் தமிழாக்கின சுற்றுநிருபம் ஓர் இம்மியும் பிசகாமல் றோட்டில் நின்றதை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வேலையை நிறுத்த ஓவசியர் ஒத்துக்கொள்ளவில்லை. அபூதாஹிரும் ஜமால்தீனும் இடுப்பளவு கிடங்குக்குள் இறங்கினார்கள். சிவபாக்கியம் நல்ல சேலை உடுத்திருந்தாள். அப்படியே ஒரு சிவப்புக்கொடியை வாங்கிக்கொண்டு வடக்குப் பக்கம் போய் நின்றாள்.

"நீங்கள் உள்ள போங்கோவன் அக்கா. வேற ஆள் பிடிக்கட்டும்," என்றேன்.

"அவை வாறமட்டும் நிக்கிறன்."

பத்து மணி தாண்டியிருக்கும். வடக்கே புழுதி எழும்பியது. கார்தான் என்று நினைத்தோம். காரை முந்திக்கொண்டு வெறும் லொறி ஒன்று வந்தது. சிவபாக்கியம் கொடியை வீசினாள். பிறகு இரண்டு கையையும் தூக்கி வீசிக் கத்தினாள். லொறி முந்நூறைக் கடந்தது, நூறைக் கடந்தது, வேகம் குறையவில்லை. கடைசி நேரத்தில்தான் சாரதி கிடங்கைக் கண்டிருக்கவேண்டும். சடாரென்று ஒடித்தான். கயிறு அறுந்தது. பீப்பா ஒன்று உருண்டு கிடங்குக்குள் விழுந்தது. லொறி நிற்காமலே தெற்கே போய்விட்டது.

புழுதிக்குள் ஒன்றும் தெரியவில்லை. சிவபாக்கியம் வேலியோரம் விழுந்து கிடந்தவள் எழும்பி ஓடினாள்.

"அபூதாஹிர்! அடேய் அபூதாஹிர்!"

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அந்தக் கொஞ்ச நேரத்தில், அறிக்கையில் திரும்பவும் டைப் அடிக்கவேண்டிய அந்த வசனம் எனக்குள் முழுசாக ஓடி முடிந்தது.

"இரிக்கன் ராத்தா. இரிக்கன்."

பீப்பா அவன் தோளில் பட்டுச் சேற்றில் சரிந்திருந்தது. ஜமால்தீன் அவனைத் தூக்கி ஏற்றினான். தோள் வீங்கத் தொடங்கியது, கை அசைந்தது. அவன் றோட்டோரத்தில் குந்தியிருந்து சேற்றைத் துப்பினான்.

அப்போது கறுப்புக் கார் தூரத்தில் தெரிந்தது. சிவபாக்கியமும் கண்டாள். உள்ளே ஓடி முகத்தைக் கழுவிக்கொண்டு வரப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் நேரே வேலிக்குப் போய், மடித்து வைத்த வெள்ளைக்கொடிகளை உருவினாள். படலைக் கம்பில் கயிற்றைச் சுற்றிப் பல்லால் இழுத்து முடிச்சுப் போட்டாள்.

"பாக்கியமக்கா, கார் வருது!"

"தெரியும் ஐயா."

"அவை உள்ள போனாப்பிறகு கட்டுவம். அஞ்சு நிமிஷந்தானே."

"அந்த அஞ்சு நிமிஷத்துக்குள்ள இன்னொரு லொறி வராதெண்டு எழுதித் தருவீங்களோ?"

தவராசா கயிற்றின் மற்ற நுனியை வாங்கி, எதிர்ப்பக்கப் பூவரசில் கட்டினார்.

வெள்ளையைக் கண்டதும் கார் மெதுவாகி, படலைக்கு முன்னால் நின்றது. உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், "திரும்புவம் அக்கா, சகுனம் சரியில்லை," என்றது. கோணேஸ்வரி கதவைத் திறந்து இறங்கினா. அறுந்த கயிற்றைப் பார்த்தா. றோட்டில் ரயர் அடையாளத்தோடு கிடந்த புத்தம்புதுச் சிவப்புக்கொடியைப் பார்த்தா. சேற்றோடு குந்தியிருந்த அபூதாஹிரைப் பார்த்தா. நல்ல சேலை முழுக்கப் புழுதியோடு நின்ற சிவபாக்கியத்தைப் பார்த்தா.

"ஆர்?" என்று கேட்டா.

"ஒருத்தரும் சாகேல்ல அக்கா."

"எங்களை விலத்திக்கொண்டு போன லொறியோ?"

"ஓம்."

"சிவப்புக் கட்டித்தானே இருந்தது?"

"நீங்கள் சொன்னபடி கட்டினம்." கொஞ்சம் நிறுத்தி, "இனிக் கழட்டேலாது அக்கா. திரும்பிப் போறதெண்டாப் போங்கோ, நான் குறை நினைக்கமாட்டன்," என்றாள் சிவபாக்கியம்.

கோணேஸ்வரி கார்ச் சாரதியிடம் திரும்பினா. "நீ இதில எதைக் கண்டு நிப்பாட்டினனி?"

"வெள்ளையைக் கண்டுதானம்மா."

அவ அண்ணாந்து கொடியைப் பார்த்தா. எனக்கு ராகுகாலம் ஞாபகம் வந்தது. கைமணிக்கூட்டைப் பார்த்தேன், பத்தே கால்.

"பிள்ளையை ஒரு வாளி தண்ணி கொண்டுவரச் சொல்லுங்கோ," என்றா கோணேஸ்வரி. "சாக்கொடியைக் கடந்து வந்திட்டுக் கால் கழுவாமல் நல்ல காரியத்துக்குப் படலைக்குள்ள வரக்கூடாது. தலைமுழுகிற சாவில்லைத்தானே, கால் கழுவினாக் காணும். கெதியா."

தட்டோடு வந்து காட்சி கொடுக்கவேண்டிய தங்கரத்தினம் வாளியோடு ஓடிவந்தது. கோணேஸ்வரி சேலையைக் கொஞ்சம் தூக்கிப் பிடிக்க, அந்தப் பிள்ளை றோட்டோரத்தில் குனிந்து நின்று காலுக்குத் தண்ணீர் ஊற்றியது. காருக்குள் இருந்தவர்களும் ஒவ்வொருவராக இறங்கி வரிசையில் நின்றார்கள். எல்லாருடைய காலுக்கும் ஊற்றிவிட்டு, மிச்சத் தண்ணீரை அபூதாஹிரிடம் கொண்டுபோய் அவன் முகம் கழுவக் கொடுத்தது. கோணேஸ்வரி அதைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டு, கொடிக்குக் கீழே குனிந்து படலைக்குள் போனா.

"நீங்களும் வாங்கோவன் தங்கச்சி. பிள்ளையைத் தாறது நீங்களெல்லோ," என்று உள்ளேயிருந்து கூப்பிட்டா.

சிவபாக்கியம் றோட்டைப் பார்த்தாள். நான் போய் றோட்டில் கிடந்த கொடிக்கம்பை எடுத்தேன். ஒரு வெள்ளைத் துண்டை அதில் கட்டிக்கொண்டேன்.

"நான் நிக்கிறன் அக்கா. போங்கோ."

அன்று மத்தியானம்வரை கொடி பிடித்தவன் நான். என் வாழ்நாளில் அப்படியொரு வெயிலில் நின்றதில்லை. லொறிகள் வந்துகொண்டே இருந்தன. எல்லாமே தூரத்திலேயே தணிந்து, ஊர்ந்து வந்தன. உள்ளேயிருந்து பெண்களின் சிரிப்புச் சத்தம் கேட்டது. ஆவணியில் நாள் வைக்கலாம் என்று யாரோ சொன்னதும் காதில் விழுந்தது.

கல் ஏற்றின லொறியொன்று என் பக்கத்தில் வந்து நின்றது. சாரதி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு, குரலைத் தணித்துக் கேட்டான்.

"ஆர் ஐயா மோசம் போனது?"

"சிவபாதம் எண்டு ஒருத்தர்," என்றேன். "றோட்டில வேலை செய்தவர்."

அவன் தலையைக் குனிந்தான். பிறகு கியரை மாற்றி, சத்தமில்லாமல் கிடங்கைக் கடந்து போனான்.